68 கிலோவில் இரண்டு உடம்பு

2014ஆம் ஆண்டில் என் எடை 68 கிலோ. 2022ஆம் ஆண்டிலும் 68 கிலோ. இடையில் 57க்கு இறங்கினேன், 74க்கு ஏறினேன், மறுபடி இறங்கினேன். எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு, பட்ட பாடெல்லாம் வீணாகிப் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறேன் என்று தோன்றும். உண்மை அதைவிட மோசம். இரண்டு முறையும் உடற்கொழுப்பை அளக்கும் கருவியில் ஏறி நின்றிருக்கிறேன். அந்தச் சீட்டுகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. முதல் சீட்டில் கொழுப்பு 34 விழுக்காடு, இரண்டாவதில் 39. அதே 68 கிலோவுக்குள் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ தசையும் பிறவும் கரைந்துபோய், அந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருந்தது. இதை ஒருவராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, பகலும் இரவும் மாறி மாறி வரும். இரவு வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கினால், மாமாக் கடை என்ற இந்திய முஸ்லிம் உணவகத்தில் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவும் தே தாரிக் என்ற பால் தேநீரும்தான் பசியாறல். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. தம்பியின் கல்யாணம் நிச்சயமானபோது, வந்திருந்த அத்தை எல்லார் முன்னிலையிலும், “மாப்பிள்ளைக்கு அக்கா என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பெரியம்மா மாதிரி அல்லவா இருக்கிறாய்” என்றார். அந்தச் சொல் பல நாள் தூங்கவிடவில்லை. ஜார்ஜ்டவுனில் ஓர் எடைக்குறைப்பு நிலையத்தில் 4,800 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) பேக்கேஜ் எடுத்தேன். கையில் பணம் இல்லை, கடன் அட்டையில் தவணை.

அங்கே நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் பல இடங்களில் இதேதான் நடக்கிறது. போனவுடன் எடை பார்ப்பார்கள். பிறகு வயிறு, தொடை, கை எல்லாவற்றிலும் ஏதோ எரிச்சலான களிம்பைத் தடவி, சமையலறையில் பாத்திரத்தை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள். அதன்மேல் சூடேறும் போர்வை. நாற்பது நிமிடம் வியர்வையில் ஊறிக் கிடக்க வேண்டும். எழுந்து துடைத்துக்கொண்டு மறுபடி தராசில் ஏறினால் அறுநூறு கிராம் குறைந்திருக்கும். உடனே அங்கிருக்கும் பெண்கள் கைதட்டுவார்கள், அட்டையில் சிவப்பு மையில் எழுதுவார்கள். எனக்கும் கண் கலங்கும். போனது வியர்வை, வீட்டுக்குப் போய் இரண்டு குவளை தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும் என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை.

கூடவே ஓர் உணவுப் பட்டியல். காலையில் சர்க்கரை போடாத தே ஓ (பால் சேர்க்காத தேநீர்), ஓர் ஆப்பிள். மதியம் வேகவைத்த காய்கறியும் ஒரு துண்டு மீனும். இரவில் சூப். பின்னாளில் ஓர் உணவியல் நிபுணரிடம் அதைக் காட்டியபோது, ஒரு நாளைக்கு 800 கலோரிகூடத் தேறாது என்றார். அவ்வளவு குறைவான உணவை மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் யாருக்கும் தரக்கூடாது என்றும் சொன்னார். முதல் வாரத்திலேயே நான்கு கிலோ குறைந்தது. நான் ஆகாயத்தில் பறந்தேன். ஆனால் அந்த நான்கு கிலோவில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. நம் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் தீர்வது அந்தச் சேமிப்பு, அதோடு சேர்ந்து தண்ணீரும் வெளியேறுகிறது.

‘பத்து நாளில் ஏழு கிலோ’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. என்னைப் போன்ற உயரமும் எடையும் உள்ள பெண் ஒரு நாளில் செலவழிப்பது ஏறத்தாழ 1,800 கலோரி. பத்து நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 18,000 கலோரிதான் செலவாகும். அதைக் கொழுப்பாகக் கணக்கிட்டால் இரண்டரைக் கிலோகூட ஆகாது. மீதி எடை எங்கிருந்து வருகிறது? தண்ணீர், குடலில் இருந்த உணவு, தசை. பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் அந்தக் கதவைத் திறந்திருக்கவே மாட்டேன்.

கல்யாணத்தன்று 57 கிலோ. பழைய ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்தாயிற்று, புகைப்படங்கள் அழகாக வந்தன, அத்தையே வாயாரப் புகழ்ந்தார். அதற்குள் உடம்பு வேறு கதை சொல்லத் தொடங்கியிருந்தது. தொழிற்சாலையின் குளிரூட்டிய அறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் நான். அங்கே முதன்முறையாக விரல்கள் விறைத்தன. கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குளியலறை வடிகாலில் தினமும் ஒரு பந்து முடியை எடுத்துப் போட்டுவிட்டு அழுதிருக்கிறேன். கடும் பட்டினிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது தோல் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். பெரும்பாலும் தானாக மீண்டும் வளர்ந்துவிடும். எனக்கும் வளர்ந்தது. ஆனால் அப்போது அது தெரியாமல் எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் அள்ளிக் கொடுத்த பணம் தனி.

பிறகு பசி வந்தது. சாதாரணப் பசி இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளையைப் பற்றி நினைக்க வைக்கும் பசி. ஓர் ஆண்டுக்குள் 70 கிலோ. நிலையத்துக்குப் போனால், “உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை, பராமரிப்புப் பேக்கேஜ் எடுத்திருக்க வேண்டும்” என்றார்கள். அந்த வார்த்தையை நம்பிக்கொண்டு பல ஆண்டுகள் என்னை நானே வெறுத்தேன். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்தப் பசிக்குக் காரணம் வேறு.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45இல் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த தன்னார்வலர்கள் அவர்கள். 24 வாரங்களுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 1,600 கலோரி. எனக்குக் கொடுத்ததைப் போல இரண்டு பங்கு! எடையில் கால் பங்கை இழந்தார்கள். எப்போதும் குளிர் என்றார்கள், சிடுசிடுத்தார்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள். ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தி பெரிதும் குறைந்தது. வயிறார உணவு கொடுத்தபோது கொழுப்பு வேகமாகத் திரும்பியது, தசை மெதுவாகத்தான் திரும்பியது. பழைய அளவைத் தாண்டிக் கொழுப்பு சேர்ந்த பிறகும் பசி அடங்கவில்லை. பின்னாளில் அந்தத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், இழந்த தசை திரும்பும்வரை உடல் பசியைத் தூண்டிக்கொண்டே இருந்தது என்று விளக்கினார்கள். இதைப் படித்த அன்று மனம் விட்டு அழுதேன். எனக்கு வந்ததும் இதே பசிதான்.

2011இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்தவர்களை ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவும், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகவும் இருந்தன. 2016இல், தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுக்குப் பிறகு பரிசோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள், அவர்களுடைய உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தி எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருப்பதைக் கண்டார்கள். அவர்கள் மிகக் கடுமையாக எடை குறைத்தவர்கள், எல்லாருக்கும் அவ்வளவு ஆகாது. அடிக்கடி டயட் இருந்தவர்களின் வளர்சிதை மாற்றம் நிரந்தரமாகக் கெட்டுவிடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. பலமுறை ஏறி இறங்கியவர்களும் மறுபடி நல்ல முறையில் குறைத்திருக்கிறார்கள். எனவே, ‘உங்கள் மெட்டபாலிசம் செத்துவிட்டது, நாங்கள் உயிர் கொடுக்கிறோம்’ என்று சொல்லி எதையாவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

எனக்கு இவையெல்லாம் தெரிவதற்குள் இன்னும் இரண்டு சுற்று முடிந்துவிட்டது. முதலில் உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் பவுடர், மாதம் 280 வெள்ளி. குறைந்தது, திரும்பியது, 72இல் நின்றது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டோடு அடைந்து கிடந்தபோது 74. அப்போதுதான் இணையத்தில் ஒருவர் விற்ற மெலிவுக் காப்பியை வாங்கினேன். ஒரு பெட்டி 160 வெள்ளி. முதல் பாக்கெட்டிலேயே பசி போன இடம் தெரியவில்லை. வாய் உலர்ந்தது. மூன்றாம் நாள் இரவு படுத்திருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, காதுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. கணவரை எழுப்பி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தக் காப்பியில் என்ன இருந்தது என்று பரிசோதிக்க எனக்கு வழியில்லை. ஆனால் இதுபோன்ற பல பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயத்தைக் கூட்டுவதால் 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. பெட்டியில் ‘MAL’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை அச்சடிப்பது சுலபம் என்பதால், தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத் தேடலில் அந்த எண் அதே பொருளுக்கு உரியதுதானா என்றும் சரிபாருங்கள். காப்பி, ஜூஸ் என்று உணவுப் பெயரில் வருபவை பெரும்பாலும் இந்தப் பதிவுக்குள் வருவதே இல்லை. அப்படி ஒன்று பசியைச் சட்டென்று அணைத்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

காப்பியை நிறுத்தியும் பிடிவாதம் விடவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் எண்ணெயே இல்லாமல் என்று பட்டினி கிடந்து 65க்கு வந்தேன். ஓர் இரவு வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்த வலி முதுகுத் தோள்பட்டைவரை ஏறியது, வாந்தி நிற்கவில்லை. ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்தது. எடை வேகமாகக் குறையும்போது கல்லீரல் பித்தநீரில் கூடுதல் கொலஸ்ட்ராலை விடுகிறது. கொழுப்பே இல்லாத உணவாலும் பட்டினியாலும் பித்தப்பை சுருங்கிக் காலியாகாமல் தேங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் கல். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்குபவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். அதே சமயம் இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 விழுக்காடு என்று வந்தது. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 57 கிலோவரை இறங்கிக் காட்டிய உடம்புக்கு எப்படிச் சர்க்கரை கூடும் என்று திகைத்துப்போனேன்.

அந்தக் கேள்வியோடுதான், மறுபடி 68க்கு ஏறிய பிறகு, அரசாங்கக் கிளினிக்கின் உணவியல் நிபுணர் முன் உட்கார்ந்தேன். இருபத்தாறு இருபத்தேழு வயதுத் தமிழ்ப் பெண். தராசைத் தொடுவதற்கு முன், கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். நான்காவது முறையே தொடை நடுங்கியது. பன்னிரண்டு வினாடிக்குமேல் ஆகிவிட்டது. “அக்கா, வயதானவர்களுக்குத் தசை பலம் போய்விட்டதா என்று பார்க்க வைக்கும் சோதனை இது. உங்களுக்கு நாற்பத்திரண்டுதான் ஆகிறது” என்றார். பிறகு இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் வெவ்வேறு கருவி, உடலில் தண்ணீர் கூடக் குறைய இருந்தாலே எண் மாறும், வயதுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆகவே எண்களைத் துல்லியமானவை என்று நம்ப வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுத்தான் பேசினார். ஆனால் போகும் திசையில் சந்தேகம் இல்லை. உடற்பயிற்சியும் போதிய புரதமும் இல்லாமல் குறைக்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். பட்டினி கடுமையானால் அதைவிடக் கூடும். திரும்பி வரும் எடையோ பெரும்பாலும் கொழுப்பு. நாம் சாப்பிடும் சோற்றின் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குவது தசைதான். தசை குறைந்து வயிற்றுக் கொழுப்பு கூடினால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில் வியப்பில்லை.

நம்மவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே உயரம், ஒரே எடை உள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் தெற்காசியர் உடலில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. அதனால்தான் ஆசியர்களுக்குப் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23லேயே எச்சரிக்கிறார்கள், இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். மலேசியாவில் நீரிழிவு அதிகம் காணப்படுவதும் இந்தியர்களிடம்தான். ஏற்கெனவே தசை குறைந்த இனத்தில் பிறந்து, ஒவ்வொரு டயட்டிலும் இன்னும் கொஞ்சத்தைத் தொலைத்தால் என்ன மிஞ்சும்?

அந்தப் பெண் என் மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னார். பார்த்தால் புரதம் நாளுக்கு 40 கிராம்கூட இல்லை. காலையில் தோசை சட்னி, மதியம் சோறு, சாம்பார், ஒரு பிரட்டல், இரவு மீகோரேங் என்ற பொரித்த நூடுல்ஸ். வயிறு நிறைகிறது, தசைக்கு ஒன்றும் போகவில்லை. 75 முதல் 80 கிராம்வரை ஏற்றச் சொன்னார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது, அதனால் எனக்கும் முதலில் சிறுநீரகப் பரிசோதனை முடிந்தது. விலை உயர்ந்த பவுடர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயில் நூறு கிராமுக்கு 19 கிராம்போல, சமைத்த கோழி நூறு கிராமில் 30 அளவில். சந்தையில் கெம்புங் மீனும் தாவ்குவா என்ற கெட்டியான சோயாக் கட்டியும் எப்போதும் கிடைக்கும். புரட்டாசியில்தான் நான் திணறுவேன், அந்த மாதம் முழுக்க உருளைக்கிழங்கும் அப்பளமும் என்று ஓடிவிடும். இப்போது தெம்பேயைச் சம்பாலில் பிரட்டி, பருப்பைக் கெட்டியாக வைத்து, தயிரும் சேர்த்துச் சமாளிக்கிறேன்.

பயிற்சியில் நடையோடு நின்றுவிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் போன தசை திரும்ப எடை தூக்க வேண்டும், அல்லது நம் எடையையே நாம் தூக்க வேண்டும். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள். நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பெரிய தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது என்று வீட்டிலேயே தொடங்கினேன். சில மாதம் கழித்துத் தண்ணீர்மலை முருகன் கோவிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறத் தொடங்கினேன். முதலில் மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. இப்போது ஒரே ஓட்டமாக இல்லாவிட்டாலும், பேசிக்கொண்டே ஏறுகிறேன்.

தராசு என்னைப் பல மாதம் சோதித்தது. முதல் மூன்று மாதம் அசையவே இல்லை. பழைய ஆளாக இருந்திருந்தால் மறுபடி பட்டினியில் இறங்கியிருப்பேன். ஆனால் இடுப்பு 92இலிருந்து 89 ஆனது, சேலைக் கொசுவம் ஒரு மடிப்புக் கூடுதலாக வந்தது. இன்று எடை 64, இடுப்பு 85, சர்க்கரை 5.8. இன்னும் எல்லைக்குள் வரவில்லை, ஆனாலும் ஏறிக்கொண்டிருந்தது இறங்குகிறது. எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்து அப்படியே நின்றாலே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பலன் உண்டு என்பதால் 57ஐத் துரத்தும் ஆசை எனக்கு இல்லை. வேலையிடத்தில் இப்போது எல்லாரும் கேட்பது எடை குறைக்கும் செமாகுளுடைடு ஊசியைப் பற்றி. மருத்துவர் பார்த்துத் தரும் நல்ல மருந்துதான், நான் எதிர்ப்பவள் இல்லை. ஆனால் அதிலும் தசை கொஞ்சம் போகும். பெரிய ஆய்வு ஒன்றில், நிறுத்திய ஓர் ஆண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஊசி போட்டாலும் முட்டையும் எடைப் பயிற்சியும் தேவை.

எல்லாம் கூட்டிப் பார்த்தால், கடன் அட்டை வட்டியோடு பதினோராயிரம் வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது. பேக்கேஜில் ஏமாந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளிக் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும் என்பதால் எனக்குக் காலம் கடந்துவிட்டது. உங்கள் ரசீதையும் ஒப்பந்தத்தையும் எடை அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உதவிய அரசாங்கக் கிளினிக்கில் நான் பதிவுக்குக் கட்டியது ஒரு வெள்ளி. முதலில் மருத்துவரைப் பார்த்து, உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் நிபுணர் தினமும் இருக்கமாட்டார், தேதி கிடைக்கச் சில வாரம் ஆகலாம். போகும்போது பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகள், சாப்பிடும் மாத்திரைகள், இதுவரை வாங்கிக் குடித்த பவுடர் பெட்டிகள், மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மாமாக் கடைத் தே தாரிக்கைக்கூட விடாமல் எழுதுங்கள், அவர்கள் திட்டமாட்டார்கள்.